திரும்பி வருகிறவர்கள்



விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்கு வருவதும், பேரன் பேத்தியைப் பார்க்கப் பெரியவர்கள் கடல் கடந்து போவதும் நம் வாசகர் வீடுகளில் வழக்கமாகிவிட்டன. அதனால் விமானப் பயணம் பற்றிய கடிதங்கள் எங்களுக்கு நிறைய வருகின்றன. எந்த கிரெடிட் கார்டு வாங்கினால் மைல் சீக்கிரம் சேரும், சேர்ந்ததை டிக்கெட்டாக எப்படி மாற்றுவது, போன வருஷம் கணக்கில் இருந்த மைல் இந்த வருஷம் எங்கே போயிற்று என்றெல்லாம் கேட்கிறீர்கள். இவற்றுக்கு நடுவே ஒரு கடிதம் தனியாகத் தெரிந்தது. அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய்வரும் ஒரு அம்மா எழுதியது அது. “எத்தனையோ வருஷமாக ஒரே நிறுவனத்தின் விமானத்தில்தான் போகிறேன். மற்றவர்கள் குறைந்த விலை சொன்னபோதும் மாறவில்லை. எனக்கு ஒரு கஷ்டம் என்றால் அவர்கள் என் பக்கம் நிற்பார்களா?”

இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அந்தக் கேள்விக்காகவே ஒதுக்குகிறேன்.

அடிக்கடி பறப்பவருக்கு மைல் என்ற பெயரில் புள்ளிகள் தந்து, சேர்ந்ததற்கு இலவச டிக்கெட் கொடுக்கும் இந்தத் திட்டங்கள் பிறந்தது அமெரிக்காவில். 1978 வரை அங்கே எந்த விமான நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதை அரசு வாரியம் ஒன்றே தீர்மானித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை விலக்கியது. புதுப்புது நிறுவனங்கள் மலிவான கட்டணத்தோடு களத்தில் இறங்கின. எல்லா விமானமும் ஒரே மாதிரி, எல்லா இருக்கையும் ஒரே மாதிரி என்ற நிலையில் பயணி விலையைப் பார்த்துத் தாவத் தொடங்கினார். பழைய நிறுவனங்களுக்கு இது பெரிய கவலையாயிற்று. விமானத்தின் கதவைச் சாத்திய பிறகு காலியாகக் கிடக்கும் இருக்கையை யாருக்கும் விற்க முடியாது. ஆனால் அதே இருக்கையில் ஒருவரை இலவசமாக உட்காரவைத்தால் நிறுவனத்துக்கு ஆகும் கூடுதல் செலவு, ஒரு வேளைச் சாப்பாடும் கொஞ்சம் எரிபொருளும்தான். தருகிறவருக்குச் சிறிய செலவு, பெறுகிறவருக்கு ஒரு முழு டிக்கெட். இந்த வித்தியாசத்தின் மேல்தான் மொத்தத் திட்டமும் எழுந்தது.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1981 மே 1 அன்று ‘அட்வான்டேஜ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் ராபர்ட் கிராண்டால். அந்த நிறுவனத்திடம் ‘சேபர்’ என்ற கணினி முன்பதிவு முறை இருந்தது. எந்தத் தொலைபேசி எண்கள் திரும்பத் திரும்பப் பதிவாகின்றன என்று அதில் தேடி, அடிக்கடி பறப்பவர்களைக் கண்டுபிடித்தார்கள். இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முதல் நாளிலேயே உறுப்பினராக்கினார்கள். இதற்கு முன்பும் ஓரிரு சிறிய நிறுவனங்கள் இந்த மாதிரி முயன்றதுண்டு. ஆனால் நாடு தழுவிய அளவில், கணினியின் பலத்தோடு வந்த முதல் பெரிய திட்டம் இதுதான். சில நாட்களுக்குள் யுனைடெட் நிறுவனம் ‘மைலேஜ் பிளஸ்’ என்று தன் திட்டத்தை அறிவித்தது. டெல்டாவும் அதே ஆண்டில் வந்து சேர்ந்தது. எல்லோரும் கொடுக்க ஆரம்பித்ததும் யாருக்கும் தனி லாபம் இல்லாமல் போயிற்று. ஆனாலும் முதலில் நிறுத்துகிறவர் பயணிகளை இழப்பார் என்ற பயத்தால் ஒருவராலும் நிறுத்த முடியவில்லை.

இந்தத் திட்டம் இவ்வளவு வேகமாக வேர்விட்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. அடிக்கடி பறப்பவர்களில் பலருக்கு டிக்கெட்டுக்கான பணம் சொந்தப் பையிலிருந்து போவதில்லை. அலுவலகம் பணம் கட்டுகிறது, மைல் பயணியின் பெயரில் சேருகிறது. இன்னொரு விமானத்தில் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்றால் அந்த மிச்சம் முதலாளிக்கு. இந்த விமானத்தில் ஆயிரம் மைல் அதிகம் என்றால் அது தனக்கு. மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. இது எவ்வளவு தூரம் போகும் என்பதை ஜெர்மனி 2002ல் பார்த்தது. அரசுப் பயணத்தில் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்திய விவகாரம் அங்கே வெடித்தபோது, பெர்லின் மாநில அரசில் பொருளாதாரத் துறையைக் கவனித்துவந்த கிரிகோர் கீசி பதவி விலகினார். நம் நாட்டிலும் மத்திய அரசு ஊழியர்கள் அலுவல் பயணத்தில் சேர்க்கும் மைல்களை அலுவல் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒருவர் ஒரு நிறுவனத்தை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதற்கு அன்போ மதிப்போ காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பதை இந்த விதியே ஒப்புக்கொள்கிறது.

திட்டத்தின் இயல்பை அடியோடு மாற்றியவை வங்கிகள். 1987ல் சிட்டி வங்கி அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு சேர்ந்து கிரெடிட் கார்டு வெளியிட்டது. அதன் பிறகு மைல் சேர்க்க விமானம் ஏற வேண்டிய அவசியம் இல்லை. பெட்ரோல் போட்டாலும் மைல், மளிகை வாங்கினாலும் மைல். அந்த மைல்களை விமான நிறுவனத்திடமிருந்து வங்கி பணம் கொடுத்து வாங்கித் தன் வாடிக்கையாளருக்குத் தருகிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு, நாம் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரரிடமிருந்து பிடித்துக்கொள்ளப்படும் கட்டணத்திலிருந்து வருகிறது. ஆக, விமான நிறுவனம் இன்று இரண்டு பொருள் விற்கிறது. ஒன்று இருக்கை, இன்னொன்று மைல்.

எது பெரிய வியாபாரம் என்பது கொரோனா காலத்தில் வெளியே தெரிந்தது. 2020ல் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைலேஜ் பிளஸ் திட்டத்தை ஈடாகக் காட்டிக் கடன் திரட்டியது. அப்போது அந்தத் திட்டத்துக்குப் போடப்பட்ட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர். விமானங்கள், வழித்தடங்கள் எல்லாம் சேர்ந்த யுனைடெட் நிறுவனத்தின் மொத்தப் பங்கு மதிப்பு அந்த நேரத்தில் அதைவிடக் குறைவு. டெல்டாவும் தன் ‘ஸ்கைமைல்ஸ்’ திட்டத்தை வைத்து 900 கோடி டாலர் திரட்டியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2021ல் இதே வழியில் 1,000 கோடி டாலர் பெற்றது. பறக்காத விமானத்தை நம்பிக் கடன் தரத் தயங்குகிற சந்தை, மைல் கணக்குப் புத்தகத்தை நம்பிக் கொடுத்தது. 2023ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்ற கார்டு நிறுவனத்திடமிருந்து மட்டும் டெல்டாவுக்கு வந்த தொகை 600 கோடி டாலருக்கும் மேல்.

இதில் தவறு ஒன்றும் இல்லை, வியாபாரம் வியாபாரம்தான். ஆனால் நம்மைப் போன்ற பயணிகள் இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம் பணப்பையில் உள்ள ரூபாயை வெளியிடுவது ரிசர்வ் வங்கி. மைலை வெளியிடுவது விமான நிறுவனம். அதைச் செலவழிக்க வேண்டிய இடத்தில், பெரும்பாலும், விலை சொல்வதும் அதே நிறுவனம்தான். போன மாதம் 40,000 மைலுக்குக் கிடைத்த இருக்கைக்கு இந்த மாதம் 60,000 என்று அது சொன்னால், நம் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஓர் இரவில் கரைந்துபோகும். கேட்க யாரும் இல்லை. 2015ல் டெல்டாவும் யுனைடெட்டும் பறந்த தூரத்துக்கு மைல் தருவதை விட்டு, செலவழித்த பணத்துக்கு மைல் தரும் முறைக்கு மாறின. அடுத்த ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸும் மாறியது. மைல் என்ற பெயர் அப்படியே இருந்தது, தூரத்தோடு அதற்கு இருந்த தொடர்பு அறுந்தது. மலிவான டிக்கெட்டில் நெடுந்தூரம் பறந்த சாதாரணப் பயணியின் கணக்கு ஒரேயடியாகச் சுருங்கியது.

கேட்க யாரும் இல்லை என்று சொன்னேன். அதை நீதிமன்றமே சொன்ன கதை ஒன்று இருக்கிறது. அந்த அம்மாவின் கேள்விக்கு மிக நெருக்கமான கதையும் அதுதான்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வாழ்ந்த ஒரு யூத மதகுரு, கின்ஸ்பர்க். நார்த்வெஸ்ட் விமான நிறுவனத்தின் ‘வேர்ல்ட்பெர்க்ஸ்’ திட்டத்தில் 1999ல் சேர்ந்தார். ஆண்டுக்கு 75 முறை அளவுக்குப் பறப்பதாகச் சொன்னவர். 2005ல் திட்டத்தின் உச்சப் படியான பிளாட்டினத்தை எட்டினார். 2008 ஜூனில் அவரை நிறுவனம் திட்டத்திலிருந்தே நீக்கியது. நிறுவனம் சொன்ன காரணம், அவர் அளவுக்கு மீறிப் புகார் சொல்கிறார் என்பது. ஏழு மாதத்துக்குள் 24 புகார்கள், அதில் 9 முறை பெட்டி தாமதமாக வந்தது பற்றி என்று கணக்குக் காட்டினார்கள். அவருக்கு ஏற்கெனவே கொடுத்த இழப்பீட்டையும் பட்டியலிட்டார்கள். நிறுவனம் டெல்டாவோடு இணையப்போகிறது, அதற்கு முன் செலவைக் குறைக்கவே என்னைக் கழித்துக்கட்டினார்கள் என்பது அவருடைய வாதம். திட்டத்தின் விதிகளில் ஒரு வரி இருந்தது. உறுப்பினர் திட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தினாரா என்பதை நார்த்வெஸ்ட் தானே முடிவுசெய்யும் என்று அது சொன்னது.

ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும், அந்த எதிர்பார்ப்பை நிறுவனம் மீறிவிட்டது என்று அவர் வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 ஏப்ரல் 2 அன்று நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னார்கள். விமானக் கட்டணங்களையும் சேவைகளையும் சந்தைக்கே விட்ட அந்த 1978 சட்டம், மாநிலச் சட்டத்தை வைத்து இப்படி ஒரு கடமையை நிறுவனத்தின் மேல் சுமத்த இடம் தரவில்லை என்பது தீர்ப்பின் சாரம். பிடிக்காதவர் வேறு நிறுவனத்தின் திட்டத்துக்குப் போகலாம் என்றும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. இதற்கு 19 ஆண்டுகளுக்கு முன், 1995ல், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மீதான வழக்கில் இதே நீதிமன்றம் சின்ன ஆறுதல் ஒன்று தந்திருந்தது. நிறுவனம் தன் வாயால் கொடுத்த வாக்கை மீறினால் ஒப்பந்த மீறல் என்று வழக்குப் போடலாம் என்பதே அது. அதாவது, எழுதிக் கொடுத்ததைக் கேட்கலாம். எழுதிக் கொடுக்காத நேர்மையை எதிர்பார்த்து வழக்காட முடியாது.

இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் 24 முறை புகார் சொன்ன மனிதர், புகாருக்குப் பிறகும் அதே விமானத்தில் ஏறியிருக்கிறார். பெட்டி தாமதமாக வந்தது என்று ஒருவர் மெனக்கெட்டுச் சொல்கிறார் என்றால், இவர்கள் திருத்திக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அவரிடம் இன்னும் இருக்கிறது என்று பொருள். நம்பிக்கை போனவர்கள் புகார் சொல்வதில்லை, சத்தமில்லாமல் வேறு இடம் போய்விடுவார்கள். அவர் நியாயமானவரா, தொல்லை தருபவரா என்று இங்கிருந்து நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் உச்சப் படியில் ஏற்றி வைத்த ஒருவரை, சொந்தக் கணக்கில் சுமையானதும் ஒரு கடிதத்தோடு அனுப்பிவிடலாம் என்றால், அந்தப் படிகள் எதை அளந்துகொண்டிருந்தன என்று கேட்கத் தோன்றுகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். ஜெட் ஏர்வேஸின் ‘ஜெட் பிரிவிலேஜ்’ திட்டம் பலருக்கு நினைவிருக்கும். 2014ல் அதைத் தனி நிறுவனமாகப் பிரித்தார்கள். அபுதாபியின் எத்திஹாட் அதில் 50.1 சதவீதப் பங்கு வாங்கியது. 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் போனது ஜெட்டின் கடைசி விமானம். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். முன்பதிவு செய்தவர்கள் பணத்துக்கு அலைந்தார்கள். ஆனால் மைல் திட்டம் தப்பித்தது. அதே ஆண்டு ‘இன்டர்மைல்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. விமானம் போன பிறகும் விமானப் பயணிகளுக்கான திட்டம் உயிரோடு இருந்தது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் கிங்ஃபிஷர் நின்றபோது அப்படி ஒரு திட்டம்கூட மிஞ்சவில்லை. நிறுவனத்தோடு அதன் உறுப்பினர் அட்டைகளும் செல்லாதவையாயின.

இன்டிகோவின் கதை இதற்கு நேர்மாறு. 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கிய அந்த நிறுவனம், நாட்டின் உள்ளூர்ப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிச்செல்லும் அளவுக்கு வளர்ந்தது. இடையில் வங்கியோடு சேர்ந்து ஒரு கார்டு வெளியிட்டது உண்மை. ஆனால் பறப்பவர்களுக்கென்று சொந்தமாக ஒரு முழுத் திட்டத்தை அது அறிவித்தது 2024ல்தான். அதுவரை மக்கள் அதில் ஏறியது மைலுக்காக இல்லை. கட்டணம் கட்டுப்படியானது, நாம் போக வேண்டிய ஊருக்கு நாம் நினைத்த நேரத்தில் விமானம் இருந்தது. அதே சமயம் பல வழித்தடங்களில் வேறு விமானமே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேறு வழி இல்லாமல் வருகிறவரை விசுவாசமான வாடிக்கையாளர் என்று எந்த நிறுவனமும் எண்ணிக்கொள்ளக் கூடாது. புதிதாக ஒரு கதவு திறக்கும் நாளில்தான் அந்தக் கணக்கு சரிபார்க்கப்படும்.

எல்லாத் திட்டங்களிலும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனமில்லை. திருச்சி விமான நிலையத்தின் புறப்பாட்டு வாசலில் நின்றால் அவர்களைப் பார்க்கலாம். துபாய்க்கும் தோஹாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள். கயிறு கட்டி, பெயரும் ஊரும் பெரிதாக எழுதிய அட்டைப்பெட்டிகள். முப்பது கிலோவைத் தாண்டிவிடுமோ என்று பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும் மனைவிமார். இவர்களில் பலர் வாழ்நாளில் பாதியை இந்தப் பாதையில் போய்வந்தே கழித்தவர்கள். ஒரு விமானப் பாதைக்கு இவர்களைவிட உறுதியான வாடிக்கையாளர்கள் யார்? ஆனால் முதலாளி எடுத்துத் தரும் டிக்கெட் மலிவானது. அந்த வகை டிக்கெட்டுக்கு மைல் குறைவு, பல சமயம் இல்லவே இல்லை. ஊருக்கு வருவதோ இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. பல திட்டங்களில் இரண்டு, மூன்று வருஷத்துக்குள் மைல் காலாவதியாகிவிடும். கொஞ்சம் சேர்ந்தாலும் அடுத்த பயணத்துக்குள் கரைந்துவிடும். தங்க அட்டை இவர்கள் கைக்கு வரப்போவதில்லை. அடிக்கடி வருகிறவரைப் போற்றத்தான் திட்டம் என்று சொல்கிறோம். உண்மையில் அது போற்றுவது அதிகம் செலவழிக்கிறவரை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதால்தான் நமக்கு ஏமாற்றம் வருகிறது.

அப்படியானால் வாடிக்கையாளரின் விசுவாசம் என்பது என்ன? அடுத்த தெருவில் இரண்டு ரூபாய் குறைத்துத் தருகிறார்கள் என்று தெரிந்தும், வழக்கமான மளிகைக் கடைக்கே போகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவரைக் கேட்டால் அந்தக் கடை தந்த பரிசுப் பொருள் எதையும் சொல்ல மாட்டார். அரிசியில் வண்டு இருந்தபோது ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக்கொடுத்ததைச் சொல்வார். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்ததைச் சொல்வார். தவறு நடந்த நாளிலும் கையில் பணம் இல்லாத நாளிலும் எதிர்ப்பக்கம் எப்படி நடந்துகொண்டது என்பதிலிருந்துதான் அந்தப் பிணைப்பு உண்டாகிறது. நல்ல நாளில் கொடுக்கும் பரிசு திரும்பி வரவைக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பரிசு வேறு இடத்தில் கிடைக்கும்வரைதான் அது செல்லும்.

ஆகவே, கடிதம் எழுதிய அந்த அம்மாவுக்கு என் பதில் இது. உங்கள் பக்கம் நிற்க வேண்டும் என்று அந்தத் திட்டத்தின் விதிகளில் எதுவும் எழுதியிருக்காது. விமானம் ரத்தான இரவில், இணைப்பு விமானத்தைத் தவறவிட்ட அந்நிய ஊரில், உங்களிடம் அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தங்க இடம் தந்தார்களா, அடுத்த விமானத்தில் தானாக இடம் போட்டார்களா, போனை எடுத்தது பேசத் தெரிந்த ஒரு மனிதரா? ஆம் என்றால், கொஞ்சம் கூட விலை கொடுத்து அதே விமானத்தில் போவதில் அர்த்தம் இருக்கிறது. இல்லை என்றால், சேர்த்து வைத்த மைலை ஒரு பயணத்துக்குப் பயன்படுத்திவிட்டு அடுத்த முறை தாராளமாக மாறுங்கள். நீங்கள் யாரையும் கைவிடவில்லை.

மைல் பற்றிக் கேட்டிருந்த மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். சேர்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. எப்படியும் போகப்போகிற பயணத்துக்குக் கிடைப்பதை விடுவானேன்? உறுப்பினராகச் சேர்வதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஆனால் மைலைச் சேமிப்பாக நினைக்காதீர்கள். வங்கியில் போட்ட பணம் வட்டி ஈட்டும், மைல் நாளாக நாளாக மதிப்பிழக்கும். ஒரு டிக்கெட்டுக்குப் போதுமான அளவு சேர்ந்ததும் எடுத்துவிடுங்கள். காலாவதித் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மைலில் எடுக்கும் டிக்கெட்டுக்கும் வரியும் கட்டணமும் உண்டு. அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு, காசு கொடுத்து வாங்கினால் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த படிக்கு இன்னும் ஒரு பயணம்தான் பாக்கி என்று தேவையில்லாமல் விமானம் ஏறாதீர்கள். பிரிட்டனில் காலநிலை மாற்றக் குழுவுக்காக 2019ல் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் தயாரித்த அறிக்கை, இப்படித் தேவையற்ற பயணங்களைத் தூண்டுவதால் இந்தத் திட்டங்களையே தடை செய்யலாம் என்று பரிந்துரைத்தது.

கார்டு விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறவருக்கு மட்டுமே கார்டு மைல் லாபம். நிலுவை வைத்தால் பல கார்டுகளில் மாதத்துக்கு 3 சதவீதத்துக்கும் மேல் வட்டி ஏறும். எந்த மைலும் அந்த வட்டியை ஈடுகட்டாது. பெற்றோருக்குக் கார்டு எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் இதை உட்கார்ந்து விளக்கிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பயணிகளின் குரலுக்கு மதிப்பே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் டெல்டா தன் திட்டத்தின் விதிகளைக் கடுமையாக்கியது. உயர்படி அட்டைக்கு இன்னும் அதிகம் செலவழிக்க வேண்டும், விமான நிலைய ஓய்வறைக்குப் போக வரம்பு என்று அறிவித்தது. உறுப்பினர்கள் பெருங்கோபத்தோடு எழுதினார்கள். அடுத்த மாதமே அந்நிறுவனம் சிலவற்றைத் தளர்த்தியது. அளவுக்கு மீறிப் போய்விட்டோம் என்று அதன் தலைமை அதிகாரி எட் பாஸ்டியன் ஒப்புக்கொண்டார். 2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நான்கு பெரிய விமான நிறுவனங்களின் திட்டங்களைப் பற்றி விசாரணை தொடங்கியது. மைலின் மதிப்பை எப்படிக் குறைக்கிறீர்கள், பயணிக்கு எப்போது சொல்கிறீர்கள் என்று கேட்டது. நம் நாட்டிலும் இந்தக் கேள்விகளை யாராவது கேட்க வேண்டும். மதிப்பைக் குறைப்பதற்குப் பல மாதம் முன்பே அறிவிப்பு, காலாவதிக்கு முன் நினைவூட்டல், நிறுவனம் மூடினால் மைலுக்கு என்ன ஆகும் என்ற தெளிவு ஆகிய மூன்றையும் விதியாக்கினாலே பெரிய நன்மை.

ஒரு பத்திரிகையும் திரும்பி வருகிறவர்களை நம்பித்தான் வாழ்கிறது. மற்றவர்களிடம் நேர்மை கேட்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்று சொல்லவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. புதிய சந்தாதாரரை ஈர்க்கப் பரிசும் தள்ளுபடியும் அறிவித்துவிட்டு, பல வருஷமாக முழு விலை கட்டுகிறவரைக் கண்டுகொள்ளாமல் விடுவது எங்கும் நடக்கிறது. இனி இந்த இதழில் புதியவர்களுக்கு எந்தச் சலுகை அறிவித்தாலும், சந்தாவைப் புதுப்பிக்கும் பழைய வாசகருக்கும் அதே சலுகை உண்டு. விலையை உயர்த்த நேர்ந்தால் மூன்று இதழ்களுக்கு முன்பே இந்தப் பக்கத்தில் காரணத்தோடு சொல்வோம். கட்டிய சந்தாவுக்கு அதன் காலம் முடியும்வரை பழைய விலைதான். தபாலில் தொலைந்த இதழைக் கேட்டு எழுதுகிறவரிடம் அத்தாட்சி கேட்காமல் மறு பிரதி அனுப்புவோம். குறை சொல்லி எழுதுகிற ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டுப் பதில் வரும், எத்தனையாவது கடிதமாக இருந்தாலும் சரி. மேலே சொன்ன வழக்கைப் படித்த பிறகு இந்தக் கடைசி வாக்குறுதியை எழுத்தில் தருவது அவசியம் என்று பட்டது. எழுதிக் கொடுத்ததைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேளுங்கள்.

உங்களிடமிருந்து ஒன்று வேண்டும். விமான நிறுவனமோ, வங்கியோ, ஊரில் உள்ள மெக்கானிக் கடையோ, மருந்துக் கடையோ, உங்களுக்குச் சிரமமான ஒரு நாளில் தன் லாபத்தைக் கணக்கிடாமல் உங்கள் பக்கம் நின்றது என்றால், என்ன நடந்தது என்று எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் இரண்டு பக்கம் அதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். ஏமாற்றியவர்களைப் பற்றி நாம் எப்போதும் பேசுகிறோம். வாக்கைக் காப்பாற்றுகிறவர்கள் யார் என்று வாசகர்களுக்குத் தெரிந்தால், அடுத்த முறை எந்தக் கடைக்குத் திரும்பிப் போவது என்று முடிவெடுக்க அது உதவும். அப்படி நடக்கிறவர்களுக்கு நாம் தரக்கூடிய பெரிய மரியாதையும் அதுதான்.

அன்புடன்,
ஆசிரியர்